சிற்றரங்கின் இருண்ட இசைநாடகமும் வணிக அரங்கும்

முன்னுரை

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துக் கண்ட நம் முன்னோர், நாடகத்தின் இலக்கணத்தைக் கூறுமிடத்து ஆடுவோரையும் பாடுவோரையும் மட்டும் கூறி அமையவில்லை. ஆடும் இடத்தின் அளவையும் உடன் கூறினர். ஆடரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் எனச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை வரையறுக்கின்றது. தூணின் நிழல் அரங்கிற் படாதவாறு விளக்கை நிறுத்துதல் வேண்டும் என்பதையும் அது மறவாது குறிக்கின்றது. அரங்கின் அளவு கலைக்குப் புறம்பானதன்று, கலையின் ஓர் உறுப்பே என்னும் தெளிவு இவ்விலக்கணத்துள் அமைந்து கிடக்கின்றது.

இத்தெளிவை உளங்கொண்டு, மேலை நாட்டு நாடக உலகில் பன்முறை எழுப்பப்பெறும் வினா ஒன்றனை ஈண்டு ஆராய்வோம். துன்பமும் கொலையும் மனநோயும் இழப்பும் பொருளாக அமைந்த இசைநாடகம் ஒன்று, இருநூறு பேர் அமரும் சிற்றரங்கில் அரங்கேறிப் பெரும்புகழ் எய்துகின்றது. அப்புகழைக் கண்ட வணிகர் அதனை நியூயார்க்கு நகரத்துப் பிராட்வே அரங்கிற்கோ, இலண்டன் மாநகரின் மேற்குப் பகுதியிலுள்ள வணிக அரங்கிற்கோ கொண்டு செல்கின்றனர். ஆங்கு அது நிலைபெறுமா, வீழ்ந்துபடுமா என்பதே வினா.

மிகுந்த பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குவோர் மகிழ்ச்சியையே நாடுவர். ஆதலின் துன்ப இசைநாடகம் வணிக அரங்கில் நில்லாது என்பார் ஒரு சாரார். நற்கலை எவ்விடத்தும் வெல்லும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளும் நாடகத்தின் பொருளை மட்டும் நோக்குகின்றன. அது நிகழும் இடத்தையும், அவ்விடத்தை நடத்துதற்கு ஆகும் செலவையும் நோக்கவில்லை. இசைநாடகத்தின் இருள் அதன் வெற்றிக்குத் தானே தடையாவதன்று. அதன் நெருக்கத்தை இழக்கச் செய்யும் அரங்கும், அதனால் தாங்கவியலாத வாரச் செலவுமே பெரும்பாலும் தடையாவன என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களின் பொருள்

ஆராயப் புகுமுன் சில சொற்களின் பொருளைத் தெளிவு செய்தல் வேண்டும். இருண்ட இசைநாடகம் என்பது துன்பத்தை ஓரிரு காட்சிகளில் மட்டும் காட்டி இறுதியில் மங்கலமாக முடிவதன்று. துன்பத்தையே நாடகத்தின் அச்சாகக் கொண்டு, அதற்கு எளிய தீர்வு கூறாது விடுவது.

நெருக்கம் என்பது நடிகர்க்கும் அவையோர்க்கும் இடையேயுள்ள தொலைவு குறைந்திருத்தல். மெய்ப்பாடுகளின் நுண்மையைக் கண்ணாலும் செவியாலும் திண்ணிதின் உணரவல்லார்க்கன்றிப் பிறர்க்கு அவற்றின் பொருள் எளிதில் விளங்காது என்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலின் இறுதியில் கூறுகின்றது. உதட்டின் நடுக்கத்தையும் மூச்சின் தயக்கத்தையும் நம்பி எழுதப்பெற்ற நாடகத்திற்கு அக்கண்ணும் செவியும் அருகில் இருத்தல் இன்றியமையாதது. கூட்டப் பாடலையும் பெருங்காட்சியையும் நம்பி எழுதப்பெற்ற நாடகம் நாற்பதாவது வரிசையிலிருந்து காண்பார்க்கும் பயன்தரும். முற்கூறியது அவ்வாறு பயன்தராது.

வெற்றி என்னும் சொல்லும் பல பொருள் ஒருசொல்லாகும். விருது பெறுதல் ஒன்று; நெடுநாள் நடைபெறுதல் ஒன்று; இட்ட முதல் திரும்பி வருதல் மற்றொன்று. வணிக அரங்கில் வெற்றி எனப்படுவது மூன்றாவதே. முன்னிரண்டும் இருந்தும் மூன்றாவது இல்லாதொழிந்த நாடகங்கள் உண்டு என்பது பின்னர் விளங்கும்.

வணிக அரங்கின் கணக்கு

நியூயார்க்கில் பிராட்வே அரங்கு என்பது ஒரு தெருவின் பெயரால் வழங்கினும், உண்மையில் இருக்கைகளின் எண்ணிக்கையால் அறியப்படுவது. மன்காட்டனின் நாடகப் பகுதியில் 500 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகளை உடையவை பிராட்வே அரங்குகள். 100 முதல் 499 வரை இருக்கைகளை உடையவை பிராட்வே புற அரங்குகள் எனப்படும். புற அரங்குகளுட் பல ஆதாயம் கருதாத நிறுவனங்களால் நடத்தப்பெறுவன. ஆண்டுச் சந்தா செலுத்தும் உறுப்பினரும் நன்கொடையாளரும் அவற்றைத் தாங்குகின்றனர். குறித்த சில வாரங்களுக்கே அங்கு ஒரு நாடகம் நடைபெறும். அஃது அவையோரைக் கவராவிடினும் நிறுவனம் அழிந்துபடாது. அடுத்த நாடகம் தொடரும்.

வணிக அரங்கின் நிலை வேறு. அங்கு நாடகந்தோறும் புதிதாக முதல் திரட்டப்படுகின்றது. திரை உயருமுன்பே காட்சியமைப்பு, உடை, ஒத்திகை, விளம்பரம் ஆகியவற்றில் அம்முதல் செலவாகிவிடும். திரை உயர்ந்த பின்னர் வாரந்தோறும் அரங்க வாடகை, நடிகர் இசைவாணர் தொழிலாளர் ஊதியம், ஆசிரியர்க்குரிய பங்கு, விளம்பரம் என ஒரு தொகை வேண்டப்படுகின்றது. வாரத்திற்கு எட்டுக் காட்சிகள் நடத்துவது வழக்கம். எட்டுக் காட்சிகளின் வருவாயில் வாரச் செலவு போக எஞ்சுவதே முதலைத் திருப்பித் தருதற்கு உதவும். எஞ்சுவது ஒன்றுமில்லையாயின், அவையோர் எழுந்து நின்று கைதட்டினாலும் முதலிட்டவர்க்கு ஒரு காசும் திரும்பாது. மேலும், வார வருவாய் குறித்த அளவிற்குக் கீழே இறங்கின் நாடகத்தை வெளியேற்றும் உரிமையை அரங்க உரிமையாளர்க்கு ஒப்பந்தங்கள் அளிப்பதுண்டு.

இக்கணக்கை எண்களாற் காண்போம். 130 இருக்கைகள் உள்ள அரங்கில் எட்டுக் காட்சிகளுக்கு 1,040 சீட்டுகள் விற்பதற்கு உள்ளன. 740 இருக்கைகள் உள்ள அரங்கில் அவை 5,920 ஆகும். 1,900 இருக்கைகள் உள்ள அரங்கில் 15,200 ஆகும். இருண்ட நாடகத்தை விரும்பிக் காண்போர் ஒரு பெருநகரில் வாரத்திற்கு ஐயாயிரவர் உளர் எனக் கொள்வோம். அவர்கள் இரண்டாவது அரங்கைப் பெரும்பாலும் நிரப்புவர். மூன்றாவது அரங்கில் மூன்றில் ஒரு பகுதியையே நிரப்புவர். அவையோரின் தொகையும் நாடகத்தின் தரமும் மாறாதிருக்க, ஓரிடத்தில் அது வெற்றி எனவும் மற்றோரிடத்தில் தோல்வி எனவும் பெயர் பெறும்.

ஒரு நாடகமும் பல அரங்குகளும்

மேற்கூறியது கருத்தளவில் நிற்பதன்று. ஒரே நாடகம் பல அளவுள்ள அரங்குகளில் நிகழ்ந்த வரலாறு இதற்குச் சான்றாக நிற்கின்றது. அந்நாடகம் 'ஸ்வீனி டாட்'. கிறிஸ்டோபர் பாண்டு என்பார் எழுதிய உரைநாடகத்தைத் தழுவி, ஸ்டீபன் சாந்தீம் இசையும் பாடலும் அமைக்க, ஹியூ வீலர் நாடகவுரை எழுத உருவானது இது. நீதிபதி ஒருவனால் பொய்க்குற்றம் சாட்டப்பெற்று நாடு கடத்தப்பட்ட முடிதிருத்துவோன் ஒருவன், பதினைந்து ஆண்டுகள் கழித்து இலண்டனுக்கு மீள்கின்றான். மனைவியையும் மகளையும் இழந்த அவன் உள்ளம் பழிவாங்கும் வெறியால் நிரம்புகின்றது. தன் கத்தியால் அவன் கொல்வோரின் உடலைக் கீழ்த்தளத்தில் உணவுக்கடை நடத்தும் பெண்ணொருத்தி இறைச்சிப் பணியாரமாக்கி விற்கின்றாள். இதனினும் இருண்ட பொருளை இசைநாடகத்திற்குக் காண்டல் அரிது.

சாந்தீம் இதனை அவையோரை அருகிருந்து அச்சுறுத்தும் சிறு நாடகமாகவே முதலில் எண்ணினார். இயக்குநர் ஹெரால்டு பிரின்சு இதன்கண் தொழிற்புரட்சிக் காலத்துச் சமுதாயத்தின் கொடுமையைக் கண்டார். அதற்கேற்பக் காட்சியமைப்பாளர் யூஜீன் லீ, கைவிடப்பட்ட இரும்பு வார்ப்பாலையின் உறுப்புகளைக் கொணர்ந்து மேடையில் பேராலை ஒன்றனை எழுப்பினார். 1979 மார்ச்சு முதல் நாள் யூரிஸ் அரங்கில் நாடகம் அரங்கேறியது. 1983 முதல் கெர்ஷ்வின் அரங்கு எனப் பெயர் பெற்ற அது ஏறத்தாழ 1,900 இருக்கைகளை உடையது. பிராட்வே அரங்குகளுள் மிகப் பெரியது. சிறந்த இசைநாடகத்திற்குரிய விருது உட்பட எட்டு டோனி விருதுகள் இதற்குக் கிடைத்தன. 557 காட்சிகள் நடைபெற்றன. எனினும் இட்ட முதல் முழுவதும் திரும்பவில்லை. 1980இல் இலண்டனில் பெரிய துரூரி லேன் அரங்கில் நடைபெற்றபோது 157 காட்சிகளோடு முடிவுற்றது.

557 காட்சிகள் என்பது சிறு தொகையன்று. யூரிஸ் அரங்கு ஒவ்வொரு காட்சிக்கும் பாதியே நிரம்பியது என வைத்துக்கொண்டாலும், 5,29,000 பேர் கண்டதாகும். பின்னர்க் கூறப்பெறும் 'நெக்ஸ்ட் டு நார்மல்' என்னும் நாடகம் ஏறத்தாழ 770 இருக்கைகள் உள்ள பூத் அரங்கில் 733 காட்சிகள் நடைபெற்று முதலைத் திருப்பித் தந்தது. அவ்வரங்கு ஒருநாளும் தவறாது நிரம்பியிருப்பினும் 5,64,000 பேரே கண்டிருக்க இயலும். ஆகவே, பெரிய அரங்கின் பாதியை நிரப்பும் கூட்டம் சிறிய அரங்கின் முழுமைக்கு ஏறக்குறையச் சமம். அவையோர் இல்லாமையால் இருண்ட நாடகம் தோற்றது என்னும் கூற்று, எந்த அரங்கின் அளவுகோலால் அளந்து கூறப்பட்டது என்று வினவுதற்கு இக்கணக்கு இடந்தருகின்றது.

இனி, இந்நாடகம் சுருங்கிய வரலாற்றைக் காண்போம். 1989இல் சூசன் சுல்மன் இயக்கத்தில் யார்க்கு அரங்கம் என்னும் சிறு நிறுவனம் இதனை நடத்தியது. அதே ஆண்டில் அது பிராட்வேயின் வட்டமைப்பு அரங்கான சர்க்கிள் இன் தி ஸ்கொயருக்கு இடம்பெயர்ந்தது. பேராலை மறைந்தது; மனிதர் முன்வந்தனர். 2004இல் இங்கிலாந்தின் நியூபரி ஊரருகே, பழைய நீராலைக் கட்டடத்தில் அமைந்த வாட்டர்மில் என்னும் சிற்றரங்கில் ஜான் டாயில் இதனைப் புதிதாக இயக்கினார். நடிகரே இசைக்கருவிகளையும் இசைத்தனர். தனி இசைக்குழு இல்லை. இப்படைப்பு அவ்வாண்டிலேயே இலண்டன் வணிக அரங்கிற்கும், 2005 நவம்பரில் பிராட்வேயின் யூஜீன் ஓநீல் அரங்கிற்கும் சென்றது. பத்து நடிகரே மேடையில் இருந்தனர். 349 காட்சிகள் நடைபெற்றன. 557 காட்சிகள் நடந்தும் திரும்பாத முதல், 349 காட்சிகளில் திரும்பியது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. யூஜீன் ஓநீல் அரங்கு ஏறத்தாழ 1,100 இருக்கைகளை உடையது. சிற்றரங்கு என அதனைக் கூறல் இயலாது. அங்கு நாடகத்தைக் காத்தது இருக்கைகளின் குறைவன்று, செலவின் குறைவாகும். மேலும், இசைப்போரும் நடிப்போரும் ஒருவரே ஆனமையால், அவையோரின் நோக்கு மேடையின் ஒரு சிறு வட்டத்துள் ஒடுங்கியது. செலவைக் குறைத்த உத்தியே நெருக்கத்தையும் தந்தது. இவ்விரண்டும் ஒன்றாய் அமைந்தமை டாயிலின் திறன்.

சுருக்கத்தின் எல்லையை 2014இல் காணலாம். இலண்டனின் தூட்டிங் பகுதியில், 1908 முதல் நடந்துவந்த ஹாரிங்டன் என்னும் பணியாரக் கடையிலேயே இந்நாடகம் நிகழ்த்தப்பெற்றது. காட்சிக்கு 32 பேரே அமர்ந்தனர். கடையின் நீண்ட மேசைகளே அவையாயின. 2015இல் இப்படைப்பு இலண்டனின் ஷாப்ட்ஸ்பரி பெருந்தெருவிற்கு இடம்பெயர்ந்தபோது, அதனை நடத்தியோர் அதனைப் பெரிய அரங்கில் ஏற்றவில்லை. அக்கடையைப் போன்ற ஓரிடத்தையே மீண்டும் அமைத்தனர். 2017இல் நியூயார்க்கின் பாரோ தெரு அரங்கிற்குச் சென்றபோதும் அவ்வரங்கின் உட்பகுதி 130 பேர் அமரும் பணியாரக் கடையாக மாற்றப்பெற்றது. நாடகத்திற்குமுன் உண்மையான பணியாரமும் விற்கப்பட்டது. எட்டு நடிகரும் மூன்று இசைவாணருமே பங்கேற்றனர். 2017 மார்ச்சு முதல் 2018 ஆகஸ்டு வரை அஃது அங்கு நடைபெற்றது. நாடகத்தை மட்டுமன்று, நாடகம் நிகழ்ந்த இடத்தையும் உடன்கொண்டு சென்றமையே இதன் சிறப்பு.

இடைக்காலத் திருத்தம்

அரங்கும் செலவும் பொருந்தினும், நாடகம் தன்னைத் தானே தெளிந்து கொள்ளாவிடின் பயனில்லை. டாம் கிட்டு இசையமைக்க, பிரையன் யார்க்கி உரையும் பாடலும் எழுதிய 'நெக்ஸ்ட் டு நார்மல்' இதனைக் காட்டும். இருமுனை மனநோயால் வருந்தும் தாயொருத்தியையும், அவள் நோயால் சிதையும் குடும்பத்தையும் பொருளாகக் கொண்டது இது. அவள் நாள்தோறும் கண்டு பேசும் மகன் உண்மையில் குழந்தைப் பருவத்திலேயே இறந்தவன் என்பது இடையில் வெளிப்படுகின்றது. 1998இல் மின்னதிர்ச்சிச் சிகிச்சையைப் பற்றிய பத்து நிமிடச் சிறு படைப்பாக இது தொடங்கிற்று.

2008இல் நியூயார்க்கின் செகண்டு ஸ்டேஜ் நிறுவன அரங்கில் மைக்கேல் கிரைப் இயக்கத்தில் இது அரங்கேறியபோது, திறனாய்வாளர் கருத்து இருவேறாக இருந்தது. அங்கத நகையும் ஆழ்ந்த துயரும் ஒன்றோடொன்று மோதின. அந்நிலையிலேயே வணிக அரங்கிற்கு விரைந்திருப்பின் நாடகம் வீழ்ந்திருத்தல் கூடும். அவ்வாறு செய்யாது, அதனை மீட்டும் எழுதினர். நகைப்புக்காகச் சேர்த்த பாடல்கள் சில நீங்கின. இறந்த மகனைப் பற்றிய துயரம் நடுவிடம் பெற்றது. 2008 நவம்பரில் வாசிங்டன் நகரப் பகுதியின் அரினா ஸ்டேஜ் நிறுவனம் திருந்திய வடிவத்தை நடத்தியது. 2009 ஏப்ரலில் பூத் அரங்கில் அரங்கேறியது. நடிகர் அறுவர், மூன்று தளங்களாக எழுந்த ஒரே வீடு காட்சியமைப்பு. 2010இல் நாடகத்திற்குரிய புலிட்சர் பரிசு பெற்று, 2011 சனவரி வரை 733 காட்சிகள் நடைபெற்றது.

இத்திருத்தத்தின் திசையை உற்று நோக்குதல் வேண்டும். வணிக அரங்கை முன்னிட்டு ஒரு நாடகத்தைத் திருத்துவோர் பெரும்பாலும் துயரைக் குறைத்து நகையைக் கூட்டுவர் என்பதே பொதுக் கருத்து. இங்கு நிகழ்ந்தது அதற்கு மறுதலை. நகை குறைந்தது, துயரம் தெளிந்தது, அதன்பின்னரே முதல் திரும்பியது. கசப்பு மருந்திற்குத் தேன் பூசுதலே வணிகத்தின் வழி என்னும் எண்ணம் இதனால் வலியிழக்கின்றது.

சூழ்ந்தமரும் அவை

'ஃபன் ஹோம்' என்னும் இசைநாடகம் இடமாற்றத்தின் மற்றொரு வழியைக் காட்டுகின்றது. ஆலிசன் பெக்டெல் 2006இல் வெளியிட்ட சித்திரத் தன்வரலாற்று நூலைத் தழுவி, ஜெனீன் டெசோரி இசையமைக்க, லிசா குரோன் உரையும் பாடலும் எழுதினார். ஈமச்சடங்கு இல்லம் நடத்திய தந்தை தம் பாலியல்பை வாழ்நாள் முழுதும் மறைத்து வாழ்ந்தவர். தன் இயல்பை வெளிப்படையாகக் கூறிய மகளின் கல்லூரிக் காலத்தில் அவர் இறந்துபடுகின்றார். அம்மகள் தன் மூன்று பருவங்களினூடே தந்தையை நினைவுகூர்ந்து அறிய முயல்வதே நாடகம்.

2013இல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் அவையோர் ஒருபுறம் இருந்து காணும் முறையில் இது நடைபெற்றது. 2015 ஏப்ரலில் முன்னர்க் கூறிய சர்க்கிள் இன் தி ஸ்கொயர் அரங்கிற்கு இடம்பெயர்ந்தபோது, இயக்குநர் சாம் கோல்டு நாடகம் முழுவதையும் அவையோர் சூழ்ந்தமர்ந்து காணுமாறு மாற்றியமைத்தார். அவ்வரங்கில் ஏறத்தாழ 740 இருக்கைகள் இருப்பினும், மேடையிலிருந்து எவரும் நெடுந்தொலைவில் இலர். வீட்டின் நடுவே அமர்ந்து அக்குடும்பத்தின் மறைபொருளைக் காணும் உணர்வு அவையோர்க்கு உண்டாயிற்று. இருக்கைகள் பெருகியும் நெருக்கம் குறையவில்லை. சிறந்த இசைநாடகம் உட்பட ஐந்து டோனி விருதுகள் பெற்ற இந்நாடகம், அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே இட்ட முதலைத் திருப்பித் தந்து, 2016 செப்டம்பர் வரை நடைபெற்றது.

இதனாற் பெறப்படுவது யாதெனின், நெருக்கம் என்பது இருக்கைகளின் எண்ணிக்கை மட்டுமன்று, அவை வைக்கப்பெற்ற முறையும் ஆகும் என்பது. இடமாற்றம் என்பது பழைய மேடையை அவ்வண்ணமே பெரிதாக்கி எழுப்புதலன்று. புதிய இடத்தில் பழைய உறவை மீண்டும் உண்டாக்குதலாகும்.

மாறுபட்ட சான்று

இவ்வளவும் கூறியபின், இவற்றிற்கு மாறாக நிற்கும் சான்றினையும் மறையாது கூறல் கடன். ஜான் காண்டர், பிரெட் எப் ஆகிய இருவரும் படைத்த 'தி ஸ்காட்ஸ்பரோ பாய்ஸ்' 2010இல் நியூயார்க்கின் வைன்யார்டு என்னும் சிற்றரங்கில் அரங்கேறிற்று. 1931இல் அலபாமா மாநிலத்தில் பொய்க்குற்றம் சாட்டப்பெற்ற ஒன்பது கறுப்பின இளைஞரின் உண்மை வரலாறு அதன் பொருள். அவ்வினத்தாரை இழிவு செய்து வெள்ளையர் முன்னாளில் நடத்திய கேளிக்கை ஆட்டத்தின் வடிவையே எடுத்து, அவ்விழிவைத் திருப்பிக் காட்டியது அந்நாடகம். இடையில் மின்னியாபொலிசு நகரத்து கத்ரி அரங்கில் நிகழ்ந்த பின்னர், அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் லைசியம் அரங்கில் ஏறியது. அது பிராட்வே அரங்குகளுள் சிறியவற்றுள் ஒன்று. காட்சியமைப்போ சில நாற்காலிகளே. எனினும் 49 காட்சிகளோடு திசம்பரில் முடிவுற்றது. பன்னிரண்டு டோனி விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பெற்றும் ஒன்றும் கிட்டவில்லை.

அளவான அரங்கு, எளிய காட்சியமைப்பு, இடைக்காலப் பயிற்சி ஆகிய மூன்றும் இருந்தும் அது நிலைபெறவில்லை என்றால், நம் கொள்கை பிழைபட்டதோ என வினவலாம். இதற்கு விடை காண, அதே நாடகம் இலண்டனில் பெற்ற வரவேற்பை நோக்குதல் வேண்டும். 2013இல் யங் விக் அரங்கில் நுழைவுச்சீட்டுகள் யாவும் விற்றுத் தீர்ந்தன. 2014 அக்டோபரில் கேரிக் என்னும் வணிக அரங்கிற்கு இடம்பெயர்ந்து, 2015 பிப்ரவரி வரை குறித்த காலம் நடைபெற்றது. இயக்குநர் இரண்டிடத்தும் சூசன் ஸ்ட்ரோமனே.

ஆகவே மாறியது அவையே. முடிதிருத்துவோனின் கொலைவெறி பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனைச் சார்ந்தது. அவையோர்க்கு அஃது எட்டி நிற்கும் அச்சம். தாயின் மனநோயும் தந்தையின் மறைவாழ்வும் எக்குடும்பத்திற்கும் பொருந்தக்கூடிய துயரங்கள். அவையோர் அவற்றில் தம்மைக் கண்டு இரங்குவர். ஸ்காட்ஸ்பரோ இளைஞரின் கதையோ அமெரிக்க அவையோரை நோக்கிக் குற்றம் சாட்டுவது. அவர்கள் நகைத்தற்கு எழும் வாயை இடையிலேயே அடைப்பது. நியூயார்க்கில் அரங்கின் முன் கூடி அதன் ஆட்ட வடிவைக் கண்டித்தோரும் இருந்தனர். இலண்டன் அவையோர்க்கு அக்குற்றம் பிறநாட்டின் குற்றமாகத் தோன்றியிருத்தல் கூடும். இஃது ஊகமே எனினும் பொருந்தும் ஊகமாகும். அரங்கில் இருக்கைத் தொலைவு ஒன்று உண்டு. மனத்தொலைவு மற்றொன்று உண்டு. முன்னதனை இயக்குநர் குறைக்கலாம். பின்னது அவரது ஆட்சிக்கு முற்றும் உட்பட்டதன்று.

பெரிய அரங்கின் பிற்கால வெற்றி

எதிர்மறையான இன்னொரு சான்றும் உண்டு. 2023 மார்ச்சில் 'ஸ்வீனி டாட்' மீண்டும் பிராட்வேக்கு வந்தது. இம்முறை 26 இசைவாணர் கொண்ட இசைக்குழுவோடு, ஏறத்தாழ 1,500 இருக்கைகள் உள்ள லண்ட்–பான்டேன் அரங்கில் நடைபெற்றது. புகழ்பெற்ற பாடகர் ஜாஷ் குரோபன் தலைமைப் பாத்திரம் ஏற்றார். வாரத்திற்குப் பத்து இலட்சம் டாலருக்கும் மேலான வருவாயைப் பலமுறை ஈட்டி, 2024 மே வரை அது நிலைத்தது. பேரரங்கு இருண்ட நாடகத்திற்குப் பகையாயின், இஃது எங்ஙனம் இயன்றது?

விடை காலத்தில் உள்ளது. 1979இல் அவையோர் அறியாத ஒரு நாடகம் பேரரங்கில் ஏறியது. 2023இல் ஏறியதோ நாற்பத்து நான்கு ஆண்டுகளாகச் சிற்றரங்குகளிலும் இசைநாடக மன்றங்களிலும் கல்லூரிகளிலும் பயின்று பயின்று பழகிய நாடகம். 2007இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. பெயர்பெற்ற பாடகரின் ஈர்ப்பும் உடன் சேர்ந்தது. பேரரங்கை நிரப்பிய கூட்டத்தைச் சேர்த்துவைத்தவற்றுள் சிற்றரங்குகளுக்குச் சிறந்த பங்கு உண்டு. ஆகவே இச்சான்று நம் கொள்கையை மறுப்பதன்று. அதன் கால அளவை நீட்டிக் காட்டுவதாகும்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், இருண்டதும் நெருக்கமானதுமான இசைநாடகம் வணிக அரங்கில் வெற்றி பெறுதல் கூடும் என்பது தெளிவாகின்றது. அதற்கு வேண்டுவன மூன்று. அவையோர் முகத்தை முகம் காணும் தொலைவில் அமர்தற்கேற்ற அரங்கு, அல்லது அத்தொலைவை உண்டாக்கும் அமைப்பு முதலாவது. அரங்கு நாள்தோறும் நிரம்பாவிடினும் தாங்கத்தக்க வாரச் செலவு இரண்டாவது. சிற்றரங்கிற்கும் வணிக அரங்கிற்கும் இடையே, துயரை மழுக்காது தெளிவாக்கும் திருத்தத்திற்குரிய காலம் மூன்றாவது. இம்மூன்றும் இருப்பின் வெற்றி உறுதி என்று கூறுதல் இயலாது. ஸ்காட்ஸ்பரோ நாடகம் அதற்குச் சான்று. ஆயின் இவையின்றி வெற்றி பெறுதல், முன்னரே பெற்ற புகழின் துணையாலன்றி, மிக அரிது.

இவ்வாராய்ச்சி வணிகர்க்கு மட்டும் பயன்படுவதன்று. பொருந்தா அரங்கில் ஏற்றப்பெற்று வீழ்ந்த ஒவ்வோர் இருண்ட நாடகமும், அதன்பின் வரும் நாடகத்திற்கு எதிரான சான்றாக எடுத்துக்காட்டப்படுகின்றது. துயரத்தை மக்கள் விரும்பார் என்னும் தீர்ப்பு அவ்வாறே உருவாகின்றது. அத்தீர்ப்பு நிலைக்குமாயின், இத்தகைய நாடகங்கள் நன்கொடையாளரும் சந்தா உறுப்பினரும் சூழ்ந்த சில அரங்குகளுக்குள் அடைபட்டு, சில வாரங்களில் மறைந்துபோகும்; எஞ்சியோர் அவற்றைக் காணும் பேறு இழப்பர். அரங்கின் குற்றத்தை நாடகத்தின்மேல் ஏற்றாது, அளவறிந்து இடந்தருதலே அறிவுடைமை. முப்பத்திரண்டு பேர் அமர்ந்த பணியாரக் கடையில் தொடங்கியதும் கடல் கடந்து வாழ்ந்தது. இரும்பாலையோடு பேரரங்கில் தொடங்கியது விருதுகள் எட்டும் பெற்று முதலை இழந்தது. இரண்டும் ஒரே நாடகம் என்பதை நாடக ஆராய்ச்சியாளர் நினைவிற் கொள்வாராக.